இரைச்சலைக் கூட்டினால் மெல்லிய சிக்னல் தெரியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு முன்னறையில் இருந்து எலக்ட்ரோனிக்ஸ் பழுதுபார்க்கிறேன். பின்னேரங்களில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் சிலர் தங்கள் செயற்றிட்டங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போன வருடம் என் கிணற்று நீர்மட்டம் அளக்கும் பெட்டி மூன்று நாள் மாறாமல் ஒரே எண்ணைக் காட்டி, கடைசியில் அதற்குள் வேண்டுமென்றே இரைச்சலை, அதாவது சிக்னலோடு சம்பந்தமில்லாத சின்ன மின் ஆட்டத்தை, சேர்த்த பிறகுதான் ஒழுங்காக அளந்தது. அந்தக் கதையை ஒருவருக்குச் சொல்லப்போக, அன்றிலிருந்து கேள்வி மேல் கேள்வி. எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

இரைச்சல் என்றாலே தொல்லைதானே, அது எப்படி உதவும்?

பெரும்பாலான நேரம் தொல்லைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் அளக்கிற கருவிக்கு ஒரு வரம்பு இருந்து, உங்கள் சிக்னல் அந்த வரம்பைத் தாண்ட முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தால், கொஞ்ச இரைச்சல் அதைத் தூக்கி வரம்புக்கு மேலால் எட்டிப்பார்க்க வைக்கும். சிக்னல் கூடும்போது அடிக்கடி எட்டிப்பார்க்கும், குறையும்போது எப்போதாவதுதான். எத்தனை தடவை எட்டிப்பார்த்தது என்று எண்ணினால் சிக்னலின் ஏற்ற இறக்கம் கையில் வந்துவிடும். முழு விஷயமும் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் இதன் விரிவு.

வரம்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

வயல் வரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு அங்குல உயர வரம்பு. இந்தப் பக்கம் வாய்க்கால் தண்ணீர், அது இரண்டு அங்குலத்துக்கும் மூன்று அங்குலத்துக்கும் இடையில் மெதுவாக ஏறி இறங்குகிறது. அந்தப் பக்கம் காய்ந்த வயல். நீங்கள் நிற்பது காய்ந்த பக்கத்தில், வாய்க்காலைப் பார்க்க முடியாது, காலடி மண் நனைகிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். காற்றே இல்லாவிட்டால் ஒரு சொட்டும் வராது, மூன்று அங்குலம் ஏறினாலும் இரண்டுக்கு இறங்கினாலும் உங்களுக்கு ஒன்றுதான்.

இப்போது மெல்லிய காற்று அடிக்கிறது, ஒரு அங்குலம் ஒன்றேகால் அங்குலம் வரை சிற்றலை எழும்புகிறது. தண்ணீர் மூன்றில் நிற்கும்போது அலை அடிக்கடி வரம்பைத் தாண்டித் தெறிக்கும். இரண்டில் நிற்கும்போது தெறிக்கவே தெறிக்காது, அல்லது எப்போதாவது ஒரு துளி. நிமிடத்துக்கு எத்தனை தெறிப்பு என்று எண்ணிக்கொண்டு வந்தீர்கள் என்றால், வாய்க்காலைப் பார்க்காமலே மேல்மடையைத் திறந்தார்களா மூடினார்களா என்று சொல்லிவிடலாம். சரி, புயல்காற்று அடித்தால்? எந்நேரமும் தண்ணீர் கொட்டும், மட்டம் இரண்டோ மூன்றோ ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஆகவே காற்றே இல்லாவிட்டாலும் தெரியாது, கூடிப்போனாலும் தெரியாது. நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அந்த அளவைக் கண்டுபிடிப்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது.

இதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டுமே?

ஸ்டோகாஸ்டிக் ரெசோனன்ஸ். நம் பாடநூல் சொற்களில் சொன்னால் எழுமாற்றுப் பரிவு. எழுமாற்று என்றால் ஒழுங்கின்றித் தற்செயலாக வருவது, பரிவு என்றால் குறித்த ஒரு அளவில் ஆட்டம் உச்சத்துக்குப் போவது. இரைச்சலின் அளவைக் கிடையாகவும் சிக்னல் எவ்வளவு தெளிவாக வெளியே வருகிறது என்பதை நிலைக்குத்தாகவும் வைத்து வரைந்தால், வளைகோடு ஏறி ஒரு உச்சிக்கு வந்து பிறகு இறங்கும். பரிவு வளைகோடு போலவே இருக்கும், அதனால் அந்தப் பெயர். சாதாரணப் பரிவில் நீங்கள் மாற்றுவது மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை ஆட்டம் என்பது, இங்கே மாற்றுவது இரைச்சலின் பருமன்.

இரண்டு பள்ளமும் நடுவில் ஒரு மேடும் உள்ள தொகுதிகளில், அதாவது இரண்டு நிலைகளில் ஏதாவது ஒன்றில் தங்கும் தொகுதிகளில், இன்னொரு பொருத்தமும் வரும். இரைச்சல் மட்டும் தனியாக அதை ஒரு பள்ளத்திலிருந்து மற்றதற்குத் தள்ள எடுக்கும் சராசரி நேரம், சிக்னலின் ஆவர்த்தன காலத்தில் (ஒரு சுற்று ஆடி முடிக்கும் காலம்) ஏறக்குறையப் பாதியாக வரும்போது தாவல்கள் சிக்னலின் தாளத்தோடு ஒத்துப்போகும்.

யார் கண்டுபிடித்தது?

ரொபேர்ட்டோ பென்சி, அல்போன்சோ சுத்தேரா, அஞ்சலோ வுல்பியானி என்ற இத்தாலியர்கள் 1981-இல் எழுதினார்கள். அவர்கள் யோசித்தது மின்சுற்றைப் பற்றி இல்லை, பனியுகத்தைப் பற்றி. பனியுகங்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் வருடத்துக்கு ஒரு தடவை வந்துபோகின்றன, பூமியின் ஒழுக்கும் அதே காலத்தில் கொஞ்சம் மாறுகிறது, ஆனால் அதனால் வருகிற வெப்ப வித்தியாசம் மிகச் சின்னது. அந்தச் சின்னத் தள்ளலோடு வானிலையின் எழுமாற்று ஆட்டங்களும் சேர்ந்தால் பூமி ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தாவுமா என்பதே கேள்வி. கத்தரீன் நிக்கோலிசும் அதே காலத்தில் அதே வழியில் யோசித்தார். பனியுகத்துக்கான முழு விளக்கமாக இதை இன்று பெரும்பாலானோர் எடுப்பதில்லை, ஆனால் அந்தக் கணக்கு வேறு இடங்களில் வேர்விட்டது. 1983-இல் ஷ்மிட் ட்ரிகர் என்ற, இரண்டு நிலைகளுக்கிடையே தாவும் மின்சுற்றிலும், 1988-இல் லேசரிலும் ஆய்வுகூடத்தில் காட்டினார்கள்.

ஆனால் கை இதை முன்னமே அறிந்திருந்தது என்று நினைக்கிறேன். அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் நிறுக்கும் பழைய தராசில் முள் இறுகி நின்றால், பெரியவர்கள் விரலால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வாசிப்பார்கள். உராய்வும் ஒரு வரம்புதான், அதைத் தாண்டுவதற்குக் கொடுக்கிற ஆட்டம்தான் அந்தத் தட்டு.

உங்கள் கிணற்றுக் கதையைச் சொல்லுங்கள்.

வாவியில் வெள்ளம் கூடும்போது முகத்துவாரத்தில் மணல்திட்டை வெட்டிவிடுவார்கள், தண்ணீர் கடலுக்கு வடியும். அப்போது எங்கள் கிணற்று மட்டமும் இறங்குகிறதா, எவ்வளவு நேரம் பிந்தி இறங்குகிறது என்று பார்க்க ஆசை. அமுக்கம் அளக்கும் சென்சர் ஒன்றைக் கிணற்றில் இறக்கி, ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையில் கொழுவினேன். சென்சர் 5 மீற்றர் தண்ணீருக்கு 4 வோல்ற் மாறும். ஊனோவின் ஏடிசி, அதாவது வோல்ற்றளவை எண்ணாக்கும் பகுதி, 10 பிற். 5 வோல்ற்றை 1024 படியாக வெட்டும், ஒரு படி 4.88 மில்லிவோல்ற். கணக்குப் பார்த்தால் ஒரு படி ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் தண்ணீர்.

நான் பார்க்க நினைத்தது ஒரு மில்லிமீற்றர் போல வரும் மாற்றத்தை. பற்றரியில் ஓட்டினேன், கொண்டென்சர் போட்டு எவ்வளவு சுத்தமாக்க முடியுமோ அவ்வளவு சுத்தமாக்கினேன். 512, 512, 512. மூன்று நாள். சென்சர் பழுது என்று நினைத்துப் புதிது வாங்கினேன், அதுவும் அப்படித்தான். பிறகு ஒரு நாள் பற்றரி இறங்கிப்போய், கையில் கிடந்த ஒரு மலிவான போன் சார்ஜரைக் கொழுவினேன். எண்கள் 511, 513, 512, 514 என்று ஆடத் தொடங்கின. எரிச்சலோடு சராசரி எடுத்துப் பார்த்தால், அந்தச் சராசரி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது, ஒழுங்காக, தண்ணீர் இறங்குகிற மாதிரியே. நான் பாடுபட்டுச் சுத்தமாக்கியதுதான் என்னைக் குருடாக்கியிருக்கிறது.

ஆடுகிற எண்ணின் சராசரியில் எப்படிப் படிக்கு இடைப்பட்ட அளவு வரும்?

உண்மையான வோல்ற்றளவு 512.3 படி என்று வைப்போம். இரைச்சல் இல்லை என்றால் ஏடிசி கிட்டிய முழு எண்ணுக்குத் தள்ளி 512 என்கும். ஆயிரம் தடவை கேட்டாலும் 512தான், ஆயிரத்தின் சராசரியும் 512தான், அந்த .3 எங்கேயும் இல்லை.

இப்போது ஒரு படி அகலத்தில் சமமாகப் பரவிய இரைச்சலைச் சேருங்கள், அரைப்படி கீழே அரைப்படி மேலே. உள்ளே போகிற அளவு 511.8 முதல் 512.8 வரை எங்கேயும் இருக்கலாம். 512.5-ஐத் தாண்டினால் 513 வரும், தாண்டாவிட்டால் 512. தாண்டுகிற பங்கு சரியாக 30 வீதம். நூறு வாசிப்பில் எழுபது போல 512, முப்பது போல 513, சராசரி 512.3. தொலைந்த .3 திரும்பி வந்துவிட்டது! இதை முதல் தடவை தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மயிர்கூச்செறிந்தது. நீங்களும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், வாசிப்பதை விட அது வேறு அனுபவம்.

விலை என்னவென்றால் நேரம். ஒரு பிற் கூடுதலாக, அதாவது படி பாதியளவாக, வேண்டும் என்றால் நாலு மடங்கு வாசிப்பு வேண்டும், நாலு பிற்றுக்கு 256 மடங்கு. கிணறு மெதுவாக மாறுகிற சாமான், 256 வாசிப்பு எடுக்க ஒரு செக்கனும் போகாது, ஆகவே எனக்கு அது விலையே இல்லை. வேகமாக மாறுகிற சிக்னலுக்கு இந்த வழி சரிவராது.

அப்போ மலிவு சார்ஜர் போட்டால் போதுமா?

வேண்டாம். அந்த இரைச்சல் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. வீட்டில் தண்ணீர் மோட்டர் ஓடினால் ஒரு அளவு, ஓடாவிட்டால் இன்னொரு அளவு, சராசரியும் சேர்ந்து நகரும். என் வரைபில் அதிகாலையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது, கடல் வற்றுப்பெருக்கின் அடையாளம் என்று இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன், கடைசியில் பக்கத்து வீட்டு மோட்டர். நீங்களே செய்த, அளவு தெரிந்த, சிக்னலோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரைச்சலைச் சேருங்கள்.

எப்படிச் செய்வது? சாமான் என்ன வேண்டும்?

சென்சருக்கும் ஊனோவின் அனலாக் காலுக்கும் (வோல்ற்றளவை வாசிக்கும் கால்) இடையில் 10 கிலோ ஓம் தடை ஒன்று. பிடபிள்யூஎம் கால் (வேகமாக ஏறி இறங்கும் துடிப்பின் அகலத்தை நிரலால் மாற்றக்கூடிய கால்) ஒன்றிலிருந்து தடையும் கொண்டென்சரும் போட்டு மட்டமாக்கிய வோல்ற்றளவை எடுத்து, அதை 10 மெகா ஓம் தடை வழியாக அதே அனலாக் காலுக்குக் கொடுங்கள். 5 வோல்ற் அங்கே 5 மில்லிவோல்ற் போல ஆகிவிடும், அது ஏறக்குறைய ஒரு படி. நிரலில் பிடபிள்யூஎம் பெறுமானத்தை 0 முதல் 255 வரை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் பொறுத்து வாசித்து, 256 வாசிப்பையும் கூட்டிச் சராசரி எடுங்கள். கடைசியில் நிலையாக ஒரு அரைப்படி போலக் கூடி இருக்கும், அதைக் கழித்துவிடலாம். பார்க்கப்போனால், இது எழுமாற்று இரைச்சல்கூட இல்லை, ஒழுங்கான ஏற்றம், ஆனாலும் வேலை செய்யும். அளவு தெரியாத எழுமாற்று இரைச்சலை விட இதையே நான் விரும்புகிறேன்.

ஒரு தம்பி பிடபிள்யூஎம் இல்லாமல் வெறும் டிஜிற்றல் காலை எழுமாற்றாக ஏற்றி இறக்கிக் கொடுத்திருந்தார். நல்ல யோசனை, ஆனால் அவர் கொடுத்தது இரண்டே நிலை, பூச்சியமும் சரியாக ஒரு படியும். 512.3 படி அப்படியே 512.3 ஆக நிற்கும், இல்லாவிட்டால் 513.3 ஆகும். வாசிப்பு 512 அல்லது 513, கூட்டிய படியைக் கழித்தால் திரும்ப 512 மட்டும்தான், .3 வரவே இல்லை. இரண்டு நிலைக்கும் இடையில் அரைப்படி வைத்திருந்தால் ஒரு பிற்றாவது கூடுதலாகக் கிடைத்திருக்கும். இரைச்சல் படிகளுக்கு இடைப்பட்ட இடங்களைத் தொட வேண்டும், அது முக்கியம்.

சுற்று இல்லாமல் கண்ணால் பார்க்க வழி உண்டா?

ஓம், படத்தில் பார்க்கலாம். பழைய கல்லடிப் பாலத்தை அந்திநேரம் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுங்கள். ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரை ஒரு எண். வானம் 200, தண்ணீர் 110, பாலத்து இரும்பு 90 என்று வைப்போம். 128-க்கு மேலே எல்லாம் வெள்ளை, கீழே எல்லாம் கறுப்பு என்று வெட்டினால் பாலமும் தண்ணீரும் ஒரே கறுப்பு, பாலத்தைக் காணோம். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு புள்ளிக்கும் −128 முதல் +127 வரை ஒரு எழுமாற்று எண்ணைக் கூட்டுங்கள். இரும்பில் 35 வீதப் புள்ளிகள் வெள்ளையாகும், தண்ணீரில் 43 வீதம், வானத்தில் 78 வீதம். கிட்ட நின்றால் மணல் தூவிய மாதிரி இருக்கும். நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், பாலம் தண்ணீரிலிருந்து பிரிந்து எழும்பி வரும். சராசரி எடுக்கிற வேலையை உங்கள் கண் செய்கிறது. லோரன்ஸ் ரொபேர்ட்ஸ் 1962-இல் படங்களைக் குறைந்த பிற்றில் அனுப்ப இந்த வழியைத்தான் எழுதினார். இப்போது இதற்கு டிதர் என்று பெயர், சீடிக்கு 16 பிற்றில் பாட்டுச் செய்யும்போதும் ஓசை தேய்ந்து மறைகிற இடங்கள் கரகரக்காமல் இருக்க இதையே சேர்க்கிறார்கள்.

உயிர்களுக்குள் இது நடக்கிறதா?

நரம்பும் ஒரு வரம்புக் கருவிதான், குறித்த அளவைத் தாண்டினால்தான் துடிப்பை அனுப்பும். 1993-இல் பிராங்க் மொஸ் குழுவினர் கிரேபிஷ் என்ற நன்னீர் இறாலின் வால் மயிர்களைத் தண்ணீரில் மிக மெதுவாக அசைத்து, கூடவே இரைச்சலும் கொடுத்துப் பார்த்தார்கள். நடு அளவு இரைச்சலில் நரம்பு சிக்னலை நன்றாகப் பிடித்தது. 1999-இல் அவர்களே துடுப்பு மீனில் இதை இன்னும் அழகாகக் காட்டினார்கள். இந்த மீனின் நீண்ட மூக்கில் மின்னை உணரும் புலன்கள் உண்டு, அவற்றால் தண்ணீரில் மிதக்கும் சின்ன உயிர்களைத் தேடித் தின்னும். தொட்டியில் அளவான மின் இரைச்சலைக் கொடுத்தபோது மீன் கூடுதல் தூரத்தில் இருந்த இரையையும் பிடித்தது, இரைச்சல் கூடியபோது திறமை குறைந்தது. நரம்பில் ஒரு வளைகோடு என்பது ஒன்று, மீன் உண்மையாகவே வயிறு நிறையச் சாப்பிடுகிறது என்பது வேறு, அதனால் இந்தச் சோதனை எனக்குப் பிடிக்கும்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம், கால் மரத்துப்போகிறது. இது உதவுமா?

இதைத்தான் கூடுதலான பேர் கேட்கிறார்கள். 1996-இல் ஜேம்ஸ் கொலின்ஸ் குழு விரல்நுனியில் உணர முடியாத அளவு மெல்லிய தொடுகையை, கொஞ்ச இரைச்சல் சேர்த்து உணர வைத்தது. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பாதத்துக்குக் கீழே உணர முடியாத அளவு எழுமாற்று அதிர்வு தரும் உள்ளங்கால் தட்டில் 15 இளையவர்களும் 12 முதியவர்களும் நின்றார்கள், நிற்கும்போது உடல் ஆடுவது குறைந்தது, முதியவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. சீனி வருத்தத்தால் உணர்ச்சி குறைந்த பாதங்களிலும் பிறகு சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தயவுசெய்து போன் மோட்டரைச் செருப்பில் ஒட்டிப் பார்க்காதீர்கள். மரத்த காலில் காயம் பட்டாலே தெரியாது. அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், தினமும் பாதத்தைப் பாருங்கள்.

பௌர்ணமியில் வாவியில் அலை இருந்தால் பாடுமீன் ஓசை நன்றாகக் கேட்குமா?

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி. நிலவு இரவில் வாவித் தண்ணீருக்குள் இருந்து வருவதாகச் சொல்லும் ஓசையைத்தான் பாடுமீன் ஓசை என்கிறோம். கேட்காது என்பதுதான் என் பதில். அலைச்சத்தம் அந்த ஓசையை மூடும், அவ்வளவுதான். தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதோடு வைப்பது இரைச்சல் சேர்ப்பதற்காக இல்லை. தண்ணீருக்குள் எழும் ஓசையில் ஆயிரத்தில் ஒரு பங்கு போலத்தான் காற்றுக்கு வெளியே வரும், மிச்சம் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். மரத்துடுப்பு அந்த மேற்பரப்பைத் தவிர்த்து ஓசையைத் தலை எலும்புக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. சிக்னலையே பெரிதாக்க வழி இருந்தால் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும், இரைச்சலைத் தேடிப் போகக் கூடாது. துடுப்புப் பிடித்தவர்களின் அறிவை நான் எப்போதும் மதிக்கிறேன்.

அப்போ எப்போது இது வேலை செய்யாது?

வரம்பு இல்லாத இடத்தில். சிக்னலோடு ஏற்கனவே போதிய இரைச்சல் இருக்கும் இடத்தில். வரம்பையே கீழே இறக்க முடிகிற இடத்திலும் தேவையில்லை. வரம்பை வெட்டித் தாழ்த்த மண்வெட்டி கையில் இருக்கும்போது காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 16 பிற் ஏடிசி வாங்கக் காசிருந்தால் வாங்குங்கள். இன்னொன்று, தகவல் இல்லாத இடத்தில் இரைச்சல் தகவலை உண்டாக்காது. சென்சரே மாற்றத்தை உணரவில்லை என்றால் என்ன சேர்த்தாலும் வராது.

நாங்கள் தினமும் பாவிக்கிற சாமான் எதிலாவது இருக்கிறதா?

வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகில் இருக்கும் ஜிபிஎஸ். செய்மதியிலிருந்து வரும் சிக்னல் இங்கே சேரும்போது வாங்கியின் (சிக்னலைப் பெறும் கருவியின்) சொந்த இரைச்சலை விட ஏறத்தாழ நூறு மடங்கு பலம் குறைந்தது. அப்படியிருந்தும் பல வாங்கிகள் அதை ஒரு பிற், இரண்டு பிற்றில்தான் எண்ணாக்குகின்றன. ஒரு பிற் என்றால் மேலா கீழா என்பது மட்டும்! இரைச்சல் எந்நேரமும் அந்த வரம்பைத் தாண்டித் தாண்டி ஆடுவதால்தான் அடியில் புதைந்த சிக்னல் அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் மேலே கொஞ்சம் கீழே சாய்க்க முடிகிறது, லட்சக்கணக்கான வாசிப்பைக் கூட்டும்போது அந்தச் சாய்வு வெளியே வருகிறது.

கணினியில் செருகி ரேடியோ கேட்கும் யூஎஸ்பி ரேடியோக் குச்சி வைத்து விளையாடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது 8 பிற், 256 படிதான். திரையில் வரும் படம் சுத்தமாக இருக்கட்டும் என்று கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, அடிமட்டத்துக்கு இறக்காதீர்கள். அன்டெனாவைக் கழற்றினால் இரைச்சல்மட்டம் இறங்க வேண்டும், கொழுவினால் கொஞ்சம் ஏற வேண்டும். அந்த அளவுக்குக் கெயினை ஏற்றி வைத்துவிட்டு அப்புறம் மெல்லிய நிலையத்தைத் தேடுங்கள்.